காண்பதற்கு உரிமை உண்டோ?

சித்திரை பிறந்து பள்ளிகள் அடைக்கப்பட்டதும் மக்கள் திரள்திரளாக மலைநாடுகளை நோக்கிப் புறப்படுவது இன்று வழக்கமாகிவிட்டது. குடும்பத்தினர் கூடிச் செல்கின்றனர். பங்குகளில் மறைக்கல்விச் சிறுவரையும் பாடகர் குழுவினரையும் அழைத்துச் செல்கின்றனர். முதுமலையில் யானையையும் புலியையும், மூணாற்றில் வரையாட்டையும் கண்டு வருவது அவர்கள் நோக்கம். இறைவனின் கைவண்ணத்தைக் கண்டு மகிழ்வது நன்றே. ஆயினும், திரும்பி வருவோர் வாயில் ஒரு குறை அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம்: "இவ்வளவு செலவு செய்து போயும் ஒரு புலிகூடக் கண்ணில் படவில்லையே!"

எளிய இச்சொல்லுக்குள் ஆழ்ந்ததொரு வினா மறைந்திருக்கிறது. பணம் கொடுத்தவருக்குத் தன்னைக் காட்டக் காடு கடமைப்பட்டுள்ளதா? படைப்பைக் காண்பது நமக்குரிய உரிமையா, அன்றி நமக்கு அருளப்படும் கொடையா?

இதற்கு விடை தேட மூணாற்றுக்கு அருகிலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா நமக்கு உதவும். தென்னகத்தின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி (2,695 மீட்டர்) அமைந்துள்ள இவ்விடம், 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் மாநில விலங்காகிய வரையாடு இங்கே மிகுதியாக வாழ்கிறது. சங்க இலக்கியம் குறிப்பிடும் வருடை இதுவே என்பர். கேரள, தமிழக மலைகளையன்றி உலகின் வேறெந்த மலையும் இதற்கு இயற்கையான வாழிடம் அன்று.

ஆண்டுதோறும் பெப்ருவரி, மார்ச் மாதங்களையொட்டி அப்பூங்கா பார்வையாளர்க்கு அடைக்கப்படுகிறது. அது வரையாடுகள் குட்டி ஈனும் பருவம். தாய் பெரும்பாலும் ஒரே குட்டியைத்தான் ஈனும். மனித நடமாட்டத்தால் வெருண்டு கூட்டம் பாறைச் சரிவில் ஓடுமாயின், இளங்குட்டி தாயைப் பிரிய நேரிடலாம். எனவேதான் வாயில் அடைபடுகிறது. மீண்டும் அது திறக்கும்போது, குட்டிகள் தாயைப் பின்தொடரும் வலிமை பெற்றிருக்கும். கோடையில் செல்வோர் இராஜமலைச் சரிவில் தாயையும் சேயையும் அருகில் கண்டு களிக்கின்றனரே, அக்காட்சி எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னைய வாரங்களில் ஒருவரும் காணாதிருந்ததன் கனி அது.

இங்கே யோபு நூலை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. துன்பத்தால் நொந்து நீதி கேட்ட யோபுவுக்குச் சூறாவளியினின்று பேசிய ஆண்டவர், மலையாடுகள் குட்டி ஈனும் காலம் உனக்குத் தெரியுமா என்று வினவுகிறார் (39ஆம் அதிகாரம்). அது விவிலிய நாட்டு மலையாடு. நம் வரையாடு அன்று. எனினும், வினா நம் மலைக்கும் பொருந்தும். அதற்கு முந்திய அதிகாரத்திலோ, மாந்தர் எவரும் குடியிராத பாலைநிலத்தில் பெய்யும் மழையைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். உழுவோர் இல்லை, அறுப்போர் இல்லை, பார்ப்போரும் இல்லை. ஆயினும், அங்கே மழை பொழிகிறது, புல் முளைக்கிறது. தன் வேதனையையே உலகின் நடுவாகக் கொண்டிருந்த யோபுவுக்கு, தன்னைச் சாராத ஓர் உலகையும் இறைவன் பேணி வருகிறார் என்பதே அங்குக் கிடைத்த பாடம்.

அப்பாடத்தை நம் காலத்தில் குறிஞ்சி மலர் கற்பித்தது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி, 2018ஆம் ஆண்டு மூணாற்று மலைகளில் பூக்கவிருந்தது. அதைக் காணப் பெருந்திரளான மக்கள் ஆயத்தமாயினர். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது; மூணாற்றுச் சாலைகள் சிதைந்தன; வர விரும்பிய பலரால் வர இயலாது போயிற்று. ஆயினும் குறிஞ்சி பூத்தது. யாருக்காக? தேனீக்களுக்காக, விதைக்காக, தன்னைப் படைத்தவருக்காக. தொடக்கநூலின் முதல் அதிகாரத்தை ஊன்றிப் படித்தால் இது விளங்கும். மனிதர் தோன்றுமுன்பே ஒளியும் நிலமும் மரமும் மீனும் பறவையும் விலங்கும் நல்லவை என்று இறைவன் கண்டார். நம் கண் படுமுன்பே அவை நல்லவையாயிருந்தன.

ஒரே படைப்பால் தம் நன்மைத்தனத்தை முழுதும் வெளிப்படுத்த இயலாது என்பதாலேயே இறைவன் பற்பல உயிர்களைப் படைத்தார் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ் விளக்கினார். ஒவ்வொரு உயிருக்கும் இறைவன் முன்னிலையில் தனக்கே உரிய மதிப்பு உண்டு என்பதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் அழுத்தமாக உரைத்தார். அங்ஙனமாயின், புலி நமக்குக் காட்சி தருவதற்காகப் பிறந்தது அன்று. மறைந்து பதுங்கினால்தான் அதற்கு இரை உண்டு; எல்லார் கண்ணுக்கும் எப்போதும் தென்படும் புலி பட்டினி கிடக்கும்.

இது வெறும் தத்துவச் சிந்தனை அன்று. காண்பது உரிமை என்னும் எண்ணம் முற்றும்போது, விளைவு கொடிதாகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் நீலகிரிச் சீகூர்ப் பீடபூமியில், யானைகளின் வழித்தடத்திலேயே சுற்றுலா விடுதிகள் பல எழுந்தன. அவ்வழித்தடத்தைக் காக்கும் 2011ஆம் ஆண்டுச் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பை, 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த மூன்று திங்களில், 2021 சனவரியில், மசினகுடியில் குடியிருப்புப் பகுதிக்கு வந்த ஆண் யானை ஒன்றின்மீது எரியும் டயர் வீசப்பட்டது. தலையிலும் காதிலும் தீக்காயமுற்ற அவ்விலங்கு இறந்துபோயிற்று. யானையைக் காண்பதற்கென்றே தொலைதூரத்திலிருந்து மக்கள் வரும் ஊர் அது. நாம் விரும்பும் நேரத்தில், விரும்பும் தொலைவில் நிற்கும் யானையே நமக்கு வேண்டும். தன் வழியே தானாக நடந்து வரும் யானையோ நமக்குப் பகை. இம்முரண்பாட்டை நம் மனச்சான்று எதிர்கொள்ள வேண்டாவா?

ஆயினும், மறுதரப்பின் நியாயத்தையும் கேட்டல் வேண்டும். காணாத ஒன்றை எவ்வாறு அன்பு செய்வது? நகரத்துச் சந்தில் வளரும் சிறுமி ஒருமுறையேனும் யானையைக் கண்டால்தானே அதன் வாழ்வுக்காகப் பரிந்து பேசுவாள்? ஆண்டு முழுதும் சிறுகச் சிறுகச் சேமித்து, வாழ்நாளில் ஒரே முறை பயணம் செல்லும் ஏழைக் குடும்பத்தின் முன்னே வாயிலை அடைப்பது அறமாகுமா? இவை தட்டிக் கழிக்கத்தக்க வினாக்கள் அல்ல. செல்வர் மட்டும் விடுதி கட்டி உள்ளே தங்க, எளியோர் வெளியே நிறுத்தப்படுவராயின் அது அநீதியே. ஆனால், வரையாடு ஈனும் பருவத்தில் அடைபடும் வாயில் ஏழைக்கும் செல்வருக்கும் ஒருசேர அடைபடுகிறது. அங்கே மதிக்கப்படுவது பணமோ பதவியோ அன்று; பிறக்கும் உயிரே.

அடைபட்ட வாயில் நம் நம்பிக்கை மரபுக்கும் புதிதன்று. எருசலேம் கோவிலின் திருத்தூயகத்துள் தலைமைக் குரு மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு ஒருமுறையே நுழைந்தார். அத்திரை மக்களை இழிவுபடுத்தவில்லை. அதன் முன்னே அவர்கள் வணங்கக் கற்றனர். ஏழாம் ஆண்டில் நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்னும் விடுதலைப் பயண நூலின் சட்டமும் (23ஆம் அதிகாரம்) கருதத்தக்கது. அவ்வாண்டு விளைவது ஏழைகளுக்கு. அவர்கள் விட்டுவைப்பது காட்டு விலங்குகளுக்கு. ஏழையையும் விலங்கையும் ஒரே சட்டத்தில் நினைவுகூர்ந்த இறைவன், இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்த நமக்கு இடம் தரவில்லை.

ஆகவே, கோடைப் பயணம் வேண்டா என்பது அன்று என் கருத்து. உரிமை கோருவோராய் அன்றி, விருந்தினராய்ச் செல்வோம். விருந்தினர் அழைக்கப்பட்ட அறையில் அமர்வர். வீட்டின் எல்லா அறைகளையும் திறந்து காட்டுமாறு வற்புறுத்தமாட்டார். நம் குரலைத் தாழ்த்துவோம். நெகிழிப் பைகளை நம்மோடே திரும்பக் கொண்டு வருவோம். யானை வழித்தடத்தை மறித்து நிற்கும் விடுதி எவ்வளவு மலிவாயினும் அதில் தங்க மறுப்போம். புலியைக் காணாமல் திரும்பும் வண்டியில் பிள்ளைகள் முகம் வாடியிருப்பின், 'ஏமாந்தோம்' என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டா. "அது நம்மைக் கண்டிருக்கலாம், நாம் போனபின் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க வந்திருக்கும்" என்று சொல்லுங்கள். தன் கண்ணுக்குப் படாத உயிர் ஒன்று நலமாயிருப்பதில் மகிழக் கற்ற பிள்ளை, பின்னாளில் தன் கண்ணுக்குப் படாத அயலாருக்காகவும் மன்றாடக் கற்றுக்கொள்ளும்.