முதல் ஆண்டு வரிக் கணக்கும் கள்ளாமையும்

நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் பணி ஏற்றுக் குடியேறியுள்ளனர். பெரியோர்களாகிய நாம் அவர்களுடைய உணவு நெறியைப் பற்றிக் கவலையுடன் விசாரிக்கிறோம். அந்நாட்டு அரசுக்கு அவர்கள் அளிக்கும் முதல் வருமான வரிக் கணக்கைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. இல்லறத்தார்க்குரிய கள்ளாமை விரதம் சோதிக்கப்படும் இடங்களுள் அதுவும் ஒன்று என்பது அடியேன் கருத்து.

சட்டம் முதலில் நாட்களை எண்ணச் சொல்கிறது. முன்பு அங்கு இராத ஒருவர் பணி விசாவில் மே மாதம் சென்று ஆண்டு முடியத் தங்கினால் 183 நாட்களைக் கடந்துவிடுகிறார். வந்திறங்கிய நாள் முதல் வரி நோக்கில் அவர் அந்நாட்டுவாசி. அன்று தொட்டு உலகில் எங்கு ஈட்டிய வருவாயும் கணக்கில் வரவேண்டும். அதற்கு முன் சென்னையில் பெற்ற நான்கு மாத ஊதியத்தை அந்நாடு பொதுவாகக் கேட்பதில்லை.

மனைவியுடன் சென்றவருக்கு ஒரு விருப்பம் தரப்படுகிறது. ஆண்டு முழுவதும் தங்களை அந்நாட்டுவாசிகளாகவே கருதுமாறு இருவரும் கையொப்பமிட்டுக் கேட்கலாம். கேட்டால் இருவருக்கும் சேர்த்துப் பெரிய கழிவு கிடைக்கும். அதற்கு ஈடாக அந்த நான்கு மாத இந்திய ஊதியத்தையும் காட்டியாக வேண்டும். இங்குச் செலுத்திய வரிக்கு அங்கே ஈடு உண்டாதலால் பெரும்பாலும் பாரம் பெரிதன்று. இருந்தும் கழிவை எடுத்துக்கொண்டு ஊதியத்தை விட்டுவிடுவோர் உண்டு. ‘அது அங்கேயே வரி கட்டிய பணந்தானே’ என்பர். விலை கொடாமல் பொருளை எடுத்துச் செல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் கள்ளாமைக்குரிய குற்றங்களுள் குறைத்தும் மிகுத்தும் அளத்தலைச் சேர்த்துள்ளார். மரக்காலைப் போல வரிப் படிவமும் ஓர் அளவைதான்.

மறுப்போர் வாதத்தையும் கேட்போம். சமூகப் பாதுகாப்புக்கென ஊதியத்தில் 6.2 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. பொதுவாகப் 10 ஆண்டுப் பணி நிறைவுறாமல் திரும்புவோர்க்கு அதிலிருந்து ஓய்வூதியம் இல்லை. வாக்குரிமையும் இல்லை. இக்குறை உண்மையானது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகி, வேறொரு கணக்கில் ஈடு செய்துகொள்ளத் தொடங்கியவன் எந்த அளவில் நிறுத்துவான்?

வங்கி வட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரு நாடுகளும் 2015-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அத்தகையோரின் இந்திய வங்கிக் கணக்குச் செய்திகள் அங்கே தெரிவிக்கப்படுகின்றன. கடினமானது நிலத்தின் வருவாய். வந்தவாசி, ஆரணி, செய்யாறு பக்கத்து நம் குடும்பங்கள் பலவற்றுக்கு நன்செய் உண்டு. வேளாண் வருவாய்க்கு இந்தியாவில் வருமான வரி விலக்கு உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் அவ்விலக்கு இல்லை. நெல் விற்ற பணம் ரொக்கமாகக் கைமாறினால் எந்த வங்கியும் அறியாது. யாரும் அறியாத இத்தொகையை மகன் எழுதுவானா என்பதே என் கேள்வி.

எழுதுவதற்கு முன் அது யாருடையது என்று தெரிய வேண்டும். நிலம் தந்தை பெயரில் இருந்து அவரே விளைவை அனுபவித்தால் மகனுக்கு அதில் வருவாய் இல்லை. அவர் அன்பளிப்பாகத் தருவதும் வருவாய் ஆகாது. பாகம் பிரிந்து பட்டா மகன் பெயருக்கு மாறியிருந்தால் நிலைமை வேறு. தன்னுடையது எவ்வளவு என்று அறியாதவன் ‘பொருள் வரைதல்’ என்னும் விரதத்தையும் எவ்வாறு ஏற்பான்? பல குடும்பங்களில் இக்கேள்வி எழுந்ததே இல்லை. கேட்பது மரியாதைக் குறைவென்று மகனும், மனத்தாங்கல் வருமென்று தந்தையும் ஒதுங்குகின்றனர். கணக்கு அளிக்க வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 15. தை அறுவடைக் கணக்கு முடிந்ததும் தந்தையரே பட்டாவை எடுத்துப் பார்த்து, இன்ன வயல் உன்னுடையது, இவ்வளவு விளைந்தது என்று மகனுக்கு எழுதிவிடலாம்.