உறை பிரிக்கும் முன்னே

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஆஸ்கார் விருது விழாவில், வழக்கமான வரிசை மாற்றப்பட்டிருந்தது. சிறந்த படத்துக்கான விருதை இறுதியில் வழங்குவது நெடுநாள் மரபு. அவ்வாண்டு அதனை முன்னரே வழங்கிவிட்டு, சிறந்த நடிகருக்கான விருதைக் கடைசியில் வைத்திருந்தனர். முந்தைய ஆகஸ்டில் தம் 43ஆம் வயதில் புற்றுநோயால் மறைந்த சாட்விக் போஸ்மன் என்னும் நடிகருக்கே அவ்விருது என்று கணிப்பாளர் பெரும்பாலோர் எழுதியிருந்தனர். மறைந்த கலைஞரின் நினைவோடு விழாவை நிறைவுசெய்யவே இந்த ஏற்பாடு என்று பார்த்தவர்கள் எண்ணிக்கொண்டனர். உறை பிரிக்கப்பட்டது. உள்ளே இருந்த பெயர் ஆண்டனி ஹாப்கின்ஸ். 83 வயதான அவர் அங்கு இல்லை. தம் தாயகமான வேல்ஸில் இருந்தார். ஏற்புரை இன்றி விழா சட்டென்று முடிந்துவிட்டது.

அதன்பின் எழுந்த பேச்சைத்தான் நான் நெடுநாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன். போஸ்மனிடமிருந்து விருது பறிக்கப்பட்டுவிட்டது என்று பலர் வருந்தினர், சிலர் சினந்தனர். பறிக்கப்பட வேண்டுமானால் அது முன்பே அவர் கையில் இருந்திருக்க வேண்டுமன்றோ? அவருக்கு அதனைக் கொடுத்தவர் யார்? அகாதெமியின் உறுப்பினர்கள் முறைப்படி மறைவாக வாக்களித்தனர். எவரும் எவருக்கும் உறுதி கூறவில்லை. 'தி ஃபாதர்' என்ற படத்தில் நினைவு தேய்ந்துவரும் முதியவராக ஹாப்கின்ஸ் நடித்த நடிப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிரித்தானியத் திரைப்பட அகாதெமி சில வாரங்களுக்கு முன்னர் அவருக்கே விருதளித்திருந்தது. ஆயினும் நியாயமாக வென்ற ஒருவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் போல ஒரு நாள் நிற்க நேர்ந்தது. விளையாட்டாகச் செய்யும் கணிப்பு ஒரு தவறாகுமா என்ற வினா எனக்கு அங்கே தொடங்கிற்று.

கணிப்பது எப்படி நடக்கிறது என்று முதலில் காண்போம். 1929இல் நடந்த முதல் விழாவில் கணிக்க எதுவுமே இல்லை. வென்றோர் பெயர்கள் மூன்று மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தன. பின்னர்ச் சில ஆண்டுகள் முடிவுகளை நாளிதழ்களுக்கு மட்டும் முன்னதாகத் தெரிவித்து வந்தனர். 1940இல் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் விழாவுக்கு முன்பே அவற்றை அச்சிட்டுவிட்டது. ஆகவே 1941 முதல் ஒட்டி மூடிய உறை வந்தது. உறை வந்ததும் அதற்குள் இருப்பது என்ன என்று ஊகிக்கும் தொழிலும் வளர்ந்தது. இங்கிலாந்தில் இதன்மேல் பந்தயமே கட்டுகிறார்கள்.

தேர்ந்த கணிப்பாளர் படத்தைக் காட்டிலும் வாக்காளரையே மிகுதியாகப் படிக்கிறார். திரைப்பட இயக்குநர்களின் சங்கம் 1948 முதல் தன் விருதை வழங்கி வருகிறது. அதனைப் பெற்றவரே சிறந்த இயக்குநருக்கான ஆஸ்காரையும் பெறுவது வழக்கம். 2020ஆம் ஆண்டு விழா வரை எட்டு முறைதான் அது மாறியது. அச்சங்கத்தார் பலர் அகாதெமியிலும் உறுப்பினர் என்பதே காரணம். கோல்டன் குளோப் விருதின் நிலை வேறு. 2021 அளவில் அதனை முடிவு செய்தவர்கள் சுமார் 90 அயல்நாட்டுப் பத்திரிகையாளர்கள். அகாதெமியில் அவர்களுக்கு வாக்கில்லை. (2023இல் அந்தச் சங்கமே கலைக்கப்பட்டுவிட்டது.) ஆனால் அங்கு வென்றவரை எல்லாரும் பேசுகின்றனர், அந்தப் பேச்சு வாக்காளர் செவியிலும் விழுகிறது. கணிப்பு முடிவைக் கூறுவதோடு நில்லாமல், முடிவைச் செய்வதிலும் சிறிது கை வைத்துவிடுகிறது.

வாக்கை எண்ணும் முறையும் உண்டு. 2010ஆம் ஆண்டு விழா முதல், சிறந்த படத்துக்கு மட்டும் உறுப்பினர்கள் தம் விருப்பத்தை வரிசைப்படுத்தி எழுதுகின்றனர். மிகக் குறைந்த முதலிடம் பெற்ற படம் நீக்கப்பட்டு, அந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குச் செல்லும். பாதிக்கு மேல் ஒரு படம் பெறும் வரை இவ்வாறே தொடரும். சிலர் உயிராக நேசித்துப் பலர் வெறுத்த படம் இதில் வெல்வது கடினம். பலருக்கு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிடித்த படம் முன்னேறிவிடும். 2020இல் '1917' என்ற போர்ப் படம் தயாரிப்பாளர் சங்க விருது, இயக்குநர் சங்க விருது, பிரித்தானிய விருது மூன்றையும் பெற்று முன்நின்றது. வென்றதோ கொரியப் படமான 'பாரசைட்'. ஆங்கிலம் அல்லாத மொழிப்படம் ஒன்று சிறந்த படமாகத் தேர்வானது அதுவே முதன்முறை.

இவ்வளவும் அறிவுதான், நான் இகழவில்லை. 2009இல் நம் ஏ.ஆர். ரகுமான் பாடலுக்கான விருதைப் பெறுவாரா என்று இங்கே பலர் படபடத்தனர். இறுதிப் பட்டியலில் மூன்றே பாடல்கள், அவற்றுள் இரண்டு அவருடையவை என்பதைக் கவனித்தவர் அமைதியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்த அமைதி பாட்டைக் கேட்டு வந்ததன்று. இங்கேதான் 'வெல்வார்' என்பதும் 'வெல்லத் தகுந்தவர்' என்பதும் பிரிகின்றன. அமெரிக்க இதழ்கள் சில இவ்விரண்டையும் இரு பட்டியல்களாக அச்சிடுகின்றன. அது நேர்மையான வழக்கம் என்பேன். கவலை என்னவெனில், முதற்பட்டியலைப் படித்து மறுநாள் சரிபார்த்து மகிழலாம். இரண்டாவதைச் சரிபார்க்க வழியில்லை, படத்தைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கச் சோம்பும் உள்ளம் முதற்பட்டியலோடு நின்றுவிடுகிறது.

விளையாட்டில் என்ன தீங்கு என்று கேட்பீர்கள். 'பெறக்கூடும்' என்று சொல்லும் வரையில் தீங்கில்லை. ஐயத்தின் அளவையும் சேர்த்துச் சொன்னவர் தவறினாலும் பொய்யர் ஆகார். ஆனால் வாயிலிருந்து வாய்க்குச் செல்லும்போது அந்தச் சிறு ஐயம் உதிர்ந்து, 'பெறக்கூடும்' என்பது 'பெறுவார்' ஆகி, பின் 'அவருடையது' ஆகிவிடுகிறது. கொடுக்க உரிமையில்லாத நாம் ஒருவருக்கு ஒரு பொருளைக் கொடுத்துவிடுகிறோம். (சியாத்வாதத்தை இங்கே எவரும் துணைக்கு அழைக்க வேண்டாம். அது ஐயவாதம் அன்று. கணிப்பு பொய்த்தவருக்குக் கேடயமும் ஆகாது.)

2017இல் மேடையிலேயே தவறு நேர்ந்ததை நினைவுகூர்கிறேன். வழங்கியவர்களிடம் வேறு விருதின் உறை தரப்பட்டிருந்ததால், 'லா லா லேண்ட்' சிறந்த படம் என்று அறிவிக்கப்பட்டது. பலரும் கணித்த படம் அதுவே. ஆதலால் யாரும் வியக்கவில்லை. தயாரிப்பாளர்கள் நன்றியுரை கூறிக்கொண்டிருக்கையில் உண்மை தெரிந்தது. அவர்களுள் ஒருவரான ஜோர்டன் ஹோரோவிட்ஸ், வென்றது 'மூன்லைட்' என்று தாமே கூறி, சரியான அட்டையை எல்லாருக்கும் உயர்த்திக் காட்டினார். கையில் வந்ததை அவர் திருப்பிக் கொடுத்தார். கணிப்பில் தவறினால் திருப்பிக் கொடுக்க எவரும் முன்வருவதில்லை. நாம் ஒவ்வொருவரும் எல்லாரும் சொன்னதையே சொன்னோம்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றியவள். பொதுத்தேர்வு முடிந்து முடிவு வரும் வரை ஆசிரியர் அறையில் நடப்பதும் இத்தகைய கணிப்புதான். ஓராண்டு, என் வகுப்பு மாணவி ஒருத்திதான் பள்ளியின் முதல் மாணவி என்று நான் உறுதியாகச் சொல்லிவந்தேன். அவள் தந்தையிடமும் சொன்னேன். அவர் உறவினர்களிடம் சொன்னார். முடிவு வந்தபோது அவள் இரண்டாமிடம். முதலிடம் பெற்றவள் பின்வரிசையில் அமர்ந்து அதிகம் பேசாமல் படித்த இன்னொருத்தி. பள்ளி முழுதும் 'அவள் முதலிடத்தை இழந்துவிட்டாள்' என்றே பேசிற்று. நானும் அப்படித்தான் பேசினேன். அன்று மாலையே முன்னவள் வீட்டுக்குச் சென்று ஆறுதல் கூறினேன். தேற்றத் தெரியாமல் திணறினேன். அவள் அழுகைக்கு நானே காரணம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஹாப்கின்ஸ் விருது பெற்ற மறுநாள் காலை, வேல்ஸ் நாட்டுப் பசும்புல்வெளி பின்னே தெரிய நின்று சிறிது பேசினார். இதனை எதிர்பார்க்கவில்லை என்றார். போஸ்மன் மிக விரைவில் நம்மைப் பிரிந்துவிட்டார் என்று அவருக்கு அஞ்சலி செலுத்தினார். அந்தப் படக்காட்சியைப் பார்த்தபோதுதான் பின்வரிசை மாணவியின் நினைவு எனக்கு வந்தது. அவள் வீட்டுக்கு நான் ஒரு வாரம் கழித்தே போனேன். அவள் கடைக்குச் சென்றிருந்தாள். அவள் தாயார் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "முடிவு வந்த அன்றே டீச்சர் வருவார்கள் என்று இருட்டும் வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள்" என்றார்.