விடுதித் தொலைபேசியும் வெளியூர்ப் பயணியும்

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது, அதை முதலில் பெற்ற நகரங்களுள் கல்கத்தாவும் ஒன்று. 1882-லேயே தொலைபேசி இணைப்பகம் கண்டுவிட்ட அந்நகரில், குரலுக்கென்று இழுக்கப்பட்ட செம்புக் கம்பியே இதற்கும் பயன்பட்டது. கணினியின் குறிகளை ஒலியாகவும் ஒலியை மீண்டும் குறிகளாகவும் மாற்றும் மோடம் என்ற கருவி, தொடக்கத்தில் வினாடிக்கு 9,600 பிட் அளவில்தான் தரவைக் கடத்தியது. ஒரு பக்கக் கடிதம் சில வினாடிகளில் வந்துவிடும், நடுத்தரமான ஒரு புகைப்படமோ ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் இருப்பவருக்கே பொறுமை வேண்டியிருந்த இவ்வேலை, பயணிக்குப் பெரும்பாடாக இருந்தது. லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் வழக்கமாகத் தங்கும் சிறு விடுதிகளைப் போன்ற ஓரிடத்தில், தொலைபேசிக் கம்பி செருகியில்லாமல் நேரே சுவருக்குள் போயிருந்தால், இணைப்புப் பெட்டியின் திருகாணிகளைத் தளர்த்தித்தான் மோடத்தின் கம்பியைப் பொருத்த முடியும். வெளி லைன் கிடைக்கப் பூஜ்யத்தைச் சுழற்றிச் சற்றுக் காத்திருக்க வேண்டுமானால், அந்தக் காத்திருப்பை மோடத்துக்கு உணர்த்த எண்ணுக்கு நடுவே ஒரு காற்புள்ளி இட வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைத்த இணைப்பு, கீழே வரவேற்பு மேசையில் யாரேனும் ரிசீவரை எடுத்துப் பார்த்தாலே அறுந்துபோகக்கூடியது.

ஆகவே பயணி இணைப்பில் இருந்துகொண்டு எதையும் படிக்கவில்லை. வந்த அஞ்சல்களை இறக்கிக்கொண்டு லைனைத் துண்டித்து, நிதானமாகப் படித்து, பதில்களை எழுதி முடித்த பின்பே மீண்டும் எண்ணைச் சுழற்றினார். நிமிடக் கணக்கில் ஏறும் கட்டணம் கற்பித்த ஒழுங்கே அது. அதில் ஞானம் ஏதும் இல்லை. ஆயினும் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே யோசிப்பதற்கு ஓர் இரவு கிடைத்தது என்பதும், ஊரில் இருப்பவர்கள் அந்த இரவைப் பயணிக்கு உரியதாக விட்டுவைத்தார்கள் என்பதும் உண்மை.

இதைப் பொற்காலம் என்று சொல்வது தகாது. மடிக்கணினி அன்று வசதி படைத்தோர் கையில் மட்டுமே இருந்தது. ஏனையோர் இரவில் கட்டணம் குறையும்வரை எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்றனர். வீட்டில் நோயாளியை விட்டுவந்தவருக்கு அந்த மௌனம் ஓய்வாக இருந்திருக்காது.

அந்நிலையை மாற்றிய கருவியும் அதே நகரில்தான் அறிமுகமானது: 1995 ஜூலை 31 அன்று, இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பில் முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இன்று ஹவுரா ரயிலில் அமர்ந்திருப்பவர் அரை மணி நேரம் பதில் அனுப்பாவிட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்குக் கருவியின் வேகத்தை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. வெளியூர் சென்றவரை எந்நேரமும் அழைக்கலாம் என்று எண்ணிக்கொண்ட வீட்டாரும் அலுவலகமும், அழைத்த மாத்திரத்தில் எடுத்துப் பழக்கிவிட்ட பயணியும் இதற்குச் சமமான பொறுப்பாளிகள்.