விழுந்த பந்தலும் நாலு நங்கூரமும்



இந்த மாதம் ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். பாவம் வேறு யாருடையதும் அல்ல, என்னுடையதுதான்.

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் கஜா புயல் வந்ததே, மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நான் ஆலங்குடிப் பக்கம் ஒரு சின்ன கிராமத்தில் ஊழியத்தில் இருந்தேன். 15-ந் தேதி வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்தே சபையில் உபவாச ஜெபம் வைத்தோம். நம் விசுவாசிகளின் வீட்டு ஓடு ஒன்றுகூட அசையாது என்று நான் சத்தமாய் அறிக்கையிட்டேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

சபையில் ஒரு விதவைத் தாயார் உண்டு. முக்கால் ஏக்கரில் கத்தரி, மிளகாய், ஒரு பந்தல் புடலை, வரப்பில் நாலு முருங்கை, ரெண்டு தென்னை. அதுதான் அவர்களுக்கு ஜீவனம். ஜெபத்துக்கு நடுவிலே மெதுவாய் எழுந்து வந்து, "ஐயா, ரேடியோவுல பெரிய காத்துன்னு சொல்றாக. போயி காயைப் பறிச்சுட்டு, கொடியை அறுத்து பந்தலை எறக்கிட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மா, அவிசுவாசத்துக்கு இடம் கொடுக்காதீங்க, உட்காருங்க" என்றேன். அவர்களும் கீழ்ப்படிந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் நம் சபை அல்ல, கோயிலுக்குப் போகிறவர். அன்று பொழுது சாயும்வரை அவர் காய் பறித்தார், கொடிப்பாரத்தைக் குறைத்தார், பந்தல் கால்களுக்கு இழுகம்பி கட்டினார்.

விடியுமுன்னே மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேலான காற்று அடித்தது. விடிந்து நான் போய்ப் பார்த்தபோது, அவருடைய பந்தல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். அம்மாவுடைய பந்தல் கம்பியும் கொடியுமாய்ச் சுருண்டு தரையோடு கிடந்தது. முருங்கை நாலும் இடுப்பளவில் முறிந்திருந்தன. ஒரு தென்னை வேரோடு சாய்ந்துவிட்டது, மற்றதற்குத் தலை இல்லை. எனக்கு வாய் திறக்க முடியவில்லை. ஜெபம் பண்ணலாமா அம்மா என்று மட்டும் கேட்டேன். "பண்ணலாங்கய்யா. மொதல்ல அந்த மம்பட்டியை எடுங்க, தண்ணி வடியணும், வேர் அழுகிரும்" என்றார்கள். என்மேல் ஒரு கோப வார்த்தை இல்லை. அதுதான் என்னை அதிகமாய்க் குத்தியது.

முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தோம். ஈரச் சேற்றில் செடி ஓரமாய் மிதிக்காதீர்கள் என்று அம்மா சத்தம் போட்டார்கள், மண் இறுகிவிடுமாம். சாய்ந்த கத்தரியை மெதுவாய் நிமிர்த்தி, குச்சி நட்டு, தூரில் மண் அணைத்தோம். முறிந்த கிளைகளை அரிவாளால் சுத்தமாய்ச் சீவினோம். பிய்ந்தபடி விட்டால் அழுகல் உள்ளே இறங்கும். பந்தலுக்கு மூங்கில் கொடுத்தது யார்? அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்தான். கூலியும் வாங்கவில்லை. மாவட்டங்கள் தோறும் ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் விழுந்திருந்த காலம். பம்புசெட் ஓடாது. குளத்துத் தண்ணீரைக் குடத்தில் சுமந்தோம்.

அந்த நாட்களில் அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தை மறுபடி வாசித்தேன். எத்தனை தரம் பிரசங்கித்த பகுதி! கப்பலில் ஒரு உயிர்கூடச் சேதமாகாது என்று தேவதூதன் பவுலுக்குச் சொல்லியாயிற்று. அதற்குப் பிறகும் கப்பலாட்கள் நாலு நங்கூரம் போட்டார்கள், கோதுமையைக் கடலில் எறிந்து பாரம் குறைத்தார்கள். அவர்கள் படகில் தப்பி ஓடப் பார்த்தபோது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க முடியாது என்று பவுலே எச்சரித்தார். அவரா அவிசுவாசி? வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா வாங்கிய எனக்கு அந்த நங்கூரம் கண்ணில் படவில்லை. அது மட்டுமா, பவுலுக்குத் தூதன் சொன்னான். எனக்கு யார் சொன்னது? நானே சொல்லிவிட்டு, கர்த்தர் சொன்னதாக ஜனங்களை நம்பப்பண்ணினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூணு வாரத்தில் முருங்கைக் கட்டையில் துளிர் வந்தது. யோபு 14-ம் அதிகாரத்தைப் பிரசங்கிக்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வெட்டுண்ட மரத்துக்கும் நம்பிக்கை உண்டு என்கிற பகுதி. ஆனால் அம்மா தலையில்லாத தென்னையைக் காட்டி, "முருங்கை துளுக்கும்யா, தென்னைக்குக் குருத்து போனா போனதுதான்" என்றார்கள். வீட்டில் வந்து வேதத்தைத் திறந்தால், யோபுவும் அடுத்த வசனத்திலேயே அதைத்தான் சொல்கிறான்: மரம் துளிர்க்கும், மனுஷன் அப்படியில்லையே என்று. பெருங்காற்றில் பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் அல்லவா பேசுகிறான்! நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டுப் பாதியை மட்டும் ஆறுதலாய்ச் சொல்லுகிறோம். மனுஷன் எழுந்திருப்பானா என்ற அவன் கேள்விக்கு, துளிரைக் காட்டினால் பதிலாகாது. காலியான கல்லறையைத்தான் காட்ட வேண்டும். அல்லேலூயா!

அடுத்த ஞாயிறே சபையார் எல்லார் முன்பாகவும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தலைகுனிந்து, "விடுங்கய்யா, கீரை வெதைச்சிருக்கேன்" என்றார்கள். 25 நாளில் தண்டுக்கீரை அறுப்புக்கு வந்தது. முதல் கட்டு காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது, இரண்டாம் கட்டு பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போயிற்று.

இந்த மழைக்காலம் வருமுன்னே, தோட்டம் வைத்திருக்கிற நம் குடும்பங்களுக்குப் பந்தல் கால் பலப்படுத்தி இழுகம்பி கட்டுகிறோம். வருகிற சனிக்கிழமை காலை 6 மணிக்கு ஆலய வாசலில் கூடுவோம். வாலிபர்கள் குறடும் கடப்பாரையும் கொண்டு வாருங்கள். ஜெபம் அங்கேயே, வேலைக்கு நடுவில்.