அங்கே கழுவுவதும் இங்கே கழுவுவதும்

"தம்பி அங்க என்ன வேலைக்குப் போறான் கண்ணு?" என்று சின்னம்மா கேட்டபோது நான் பொய் சொன்னேன். லைப்ரரியில் புத்தகம் அடுக்கும் வேலை என்றேன். அவள் கேட்டது தெலுங்கில், நான் சொன்ன பொய்யும் தெலுங்கில். எம்.ஏ. தமிழ் படித்தவன் என்றாலும் எங்கள் அருந்ததியர் வளவில் வீட்டுக்குள் தெலுங்குதான். படிக்கிறவர்களுக்காக இங்கே தமிழில் எழுதுகிறேன்.

சின்னம்மா ராசிபுரம் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் ஒப்பந்தக் கூலியாகத் தெருக் கூட்டுகிறவள். அவள் மாமியாரும் அதே தெருக்களைத்தான் கூட்டினார். அரசாங்கத் தாளில் இப்போது 'தூய்மைப் பணியாளர்' என்று எழுதுகிறார்கள். துடைப்பம் பழைய துடைப்பந்தான். விடியக்காலை நாலரை மணிக்குக் கிளம்புவாள். அவள் மகன் இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறான். அவனும் விடியக்காலை நாலரைக்குத்தான் கிளம்புகிறான், ஓர் அலுவலகக் கட்டடத்தில் நாலு மாடிக் கக்கூசையும் கழுவ. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்ணா" என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

நான் மேடையில் பேசுகிறவன். எந்த உழைப்பிலும் இழிவில்லை என்று பேசியிருக்கிறேன். துடைப்பத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வாருங்கள் என்றும் அதே மேடையில் பேசியிருக்கிறேன். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்று ஒருவரும் கேட்டதில்லை. தம்பிக்காகச் சொன்ன இந்தப் பொய்தான் என்னைக் கேட்டது.

ஒரு மாணவர் முகாமில் ஒரு தோழர் எழுந்து, அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டில் என்ன வேலை பார்த்துப் படித்தார் என்று கேட்டார். அமெரிக்காவில் அவர் கூலிவேலை பார்த்துப் படிக்கவில்லை. 1913 ஜூலையில் நியூயார்க்கில் இறங்கியபோது பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு அவருக்கு இருந்தது. அதிலும் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பணம் வாங்கித் தந்தது முக்கியமாக நேரத்தைத்தான் என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டு, இரவும் பகலும் படிக்க நேரம். 1915-ல் எம்.ஏ., 1916 மே மாதம் சாதி பற்றிய அந்தக் கட்டுரை எல்லாம் அந்த நேரத்தில் விளைந்தவை. விலை இல்லாமலும் இல்லை. திரும்பி வந்து பத்தாண்டு பரோடாவில் வேலை பார்ப்பதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். 1917-ல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பரோடா போனவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. கடைநிலை ஊழியன் தொடப் பயந்து கோப்பை அவர் மேசையில் தூக்கி எறிந்தான். பிறகு 1918-லிருந்து பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திக் காசு சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராஜிடம் உதவியும் நண்பர் நவல் பத்தேனாவிடம் கடனும் வாங்கி, 1920-ல் மறுபடி லண்டன் போனார். வேலையும் படிப்பும் முன்னும் பின்னுமாக வந்தன. ஒரே நாளுக்குள் இரண்டையும் திணிக்கும் நிலை நம் பிள்ளைகளுக்கு.

தாழ்த்தப்பட்டோருக்கான ஒன்றிய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை, நாடு முழுவதற்கும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேருக்குத்தான். தம்பிக்குக் கிடைக்கவில்லை. (2022-ல் அதற்கு ஒரு விதி போட்டார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புகளுக்கு அந்தத் தொகை கிடையாது என்று. நியூயார்க்கில் உட்கார்ந்து சாதியைப் பற்றி எழுதிய அந்த இளைஞர் அந்த வருடம் மனுப் போட்டிருந்தால் தள்ளுபடிதான்.) வங்கிக்குப் போனால் ஏழரை லட்சத்துக்கு மேல் அடமானம் கேட்கிறார்கள். வளவில் என்ன இருக்கிறது அடமானம் வைக்க, தொகுப்பு வீடும் இரண்டு ஆடும். மீதிப் பணம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டியில் வாங்கியது.

எங்கள் ஊரிலிருந்து இன்னொரு பையனும் இங்கிலாந்து போயிருக்கிறான். கவுண்டர் வீட்டுப் பையன். ரிக் லாரி வைத்திருக்கிற குடும்பம். அவன் அப்பா டீக்கடை பெஞ்சில் செல்போனை எல்லாருக்கும் காட்டுகிறார். "எம்பையன் ஓட்டல்ல தட்டுக் கழுவித்தான் படிக்கிறான் பாத்துக்கங்க. எந்த வேலையும் கேவலமில்ல." பெஞ்சே தலையாட்டியது. நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன், பேப்பர் கப்பில். இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப், அதனால் தீண்டாமை ஒழிந்துவிட்டது என்கிறார்கள். இதே கடையில் என் அப்பனுக்கென்று எரவாணத்தில் ஒரு கிளாஸ் செருகியிருந்தது. குடிக்கும் முன்னும் குடித்த பின்னும் அவரே கழுவி வைக்க வேண்டும். அந்தக் கழுவலை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. வாங்குகிற கூலிக்கு ஒழுங்காகத்தான் கழுவுவான். ஆனால் படிப்பு முடிந்து ஊர் திரும்பினால் அந்தத் தட்டு அவன்மேல் ஒட்டாது. அவன் கவுண்டர் மகன், அவ்வளவுதான். தட்டுக் கழுவிய கதை அவனுக்குப் பெருமையாகக் கூட இருக்கும். என் தம்பி அதே கதையைச் சொன்னால், "அதான பாத்தேன், எங்க போனாலும் அந்த வேலதான்" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் லைப்ரரியைக் கண்டுபிடித்தான்.

நானும் வேலை பார்த்துப் படித்தவன்தான். சேலத்தில் எம்.ஏ. படித்தபோது சனி ஞாயிறுகளில் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினேன், எரு அள்ளினேன். கூண்டுக்கு அடியில் குவிந்த எருவைக் கிளறினால் நெடி கண்ணைக் கரிக்கும். திங்கட்கிழமை சங்க இலக்கிய வகுப்பு வரைக்கும் அந்த நெடி என் சட்டையில் இருக்கும். எத்தனை மணி நேரம் வேலை என்ற பேச்சே அங்கே கிடையாது. லாரியில் லோடு ஏறி முடிகிற வரைக்கும். என் அப்பன் பண்ணையத்தில் இருந்தபோது அதுவும் இல்லை, கவுண்டர் போகச் சொல்கிற வரைக்கும்.

தம்பிக்கு அங்கே படிப்பு நடக்கிற வாரங்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி. 2025 ஏப்ரலில் அந்த நாடு 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 பவுண்டு 21 பென்ஸ் என்று வைத்தது. முதல் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். எங்கள் குடும்பத்தில் ஒருவனுடைய நேரத்துக்கு எழுத்தில் கணக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி என்றிருந்ததை 48 ஆக்கும் திருத்தத்தை 1946-ல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் தொழிலாளர் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் என்பதை அவனுக்கு எழுதினேன். அதற்காக அங்கே எல்லாம் நியாயமாக நடக்கிறது என்றில்லை. நம்மவர்கள் நடத்துகிற சில கடைகளில் கணக்கில் காட்டாமல் அதிக நேரம் வேலை வாங்கிக் குறைந்த கூலியைக் கையில் கொடுப்பார்களாம். விசா போய்விடும் என்று பையன்கள் வாய் திறப்பதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கக்கூஸ் வேலையை மட்டும் அவன் மறைக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தமிழ்ப் பையன்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார்கள். சமையலுக்கு முறை வைத்தார்கள். கக்கூசுக்கும் முறை வைத்தார்கள். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்ற விசாரிப்பெல்லாம் முடிந்த இரண்டாவது வாரத்தில், "நீதான் அந்த வேலைக்கே போறியே, உனக்குப் பழக்கந்தானே" என்று சிரித்துக்கொண்டே ஒருவன் சொன்னான். மற்றவர்களும் சிரித்தார்கள். இவனும் சிரித்தானாம். அன்றிலிருந்து இரண்டு மாதம் ஐந்து பேருடைய கக்கூசையும் இவன் ஒருவனே கழுவினான்.

1936-ல் லாகூரில் பேசுவதற்காக எழுதி, மாநாடே ரத்தாகிப்போன அந்த உரையில், வேலைகளைப் பிரிப்பதும் வேலை செய்கிற மனிதர்களைப் பிரித்து அடைப்பதும் ஒன்றல்ல என்று அண்ணல் வாதாடினார். கூட்டங்களில் நூறு தடவை அதை விளக்கியிருக்கிறேன். அந்த வித்தியாசம் என் தம்பி கையில் இருந்தது. விடியக்காலை மணிக்கு 12 பவுண்டுக்குக் கழுவியபோது அவன் தொழிலாளி. சாயங்காலம் வீட்டில் சும்மா கழுவியபோது வளவுக்காரன். பினாயில் வாசம் இரண்டுக்கும் ஒன்றுதான். 2013-ல் பிரிட்டன் தன் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்ப்பதாக வழிசெய்து, 2018-ல் வேண்டாமென்று கைவிட்டது. சியாட்டில் நகர மன்றம் 2023-ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அது அமெரிக்காவில். தம்பி இருப்பது இங்கிலாந்தில். அப்படியே சட்டம் இருந்தாலும், வாடகை வீட்டுச் சமையலறையில் சிரித்த சிரிப்பை எந்த அதிகாரியிடம் எழுதிக் கொடுப்பது?

போன மாதம் சத்தியத்தை மீறினேன். அவன் செய்கிற வேலையைச் சின்னம்மாவிடம் சொன்னேன், வீட்டு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. அழுவாள் என்று நினைத்தேன். சீமாற்றில் ஈர்க்குச்சியைத் தட்டிச் சேர்த்துக்கொண்டே கேட்டாள்.

"கைக்கு உறை குடுக்கறாங்களா?"

"குடுக்கறாங்க சின்னம்மா."

"மணிக்கு எவ்வளவு?"

நம் காசுக்கு ஆயிரத்து நானூறு வரும் என்றேன். அவளுக்கு அது மூன்று நாள் கூலி.

"கூட வேற ஆரு கழுவறா? வெள்ளக்காரனும் கழுவறானா?"

"கழுவறாங்க. ஒரு வெள்ளக்காரம்மாதான் இவனுக்கு மேஸ்திரியாம்."

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட மறச்சான், கிறுக்கன்" என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. சீமாற்றைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

"சரி கண்ணு, அந்தப் பசங்களோட தங்கியிருக்கறானே, அந்த வூட்டுல ஆரு கழுவறா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

தம்பி இந்த வாரம் வேறு அறைக்குப் போய்விட்டான். ஓர் ஆப்பிரிக்க மாணவரோடு. வாடகை மாதம் 90 பவுண்டு கூடுதல். வாரம் 20 மணி நேரச் சம்பளத்தில் அது அடங்காது. மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறான், இதையும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று.