கூலிப் பாடமும் நியாயமும்

பொருளியலைப் புதிதாகக் கற்கப் புகும் மாணவனுக்கு முதலிற் சொல்லப்படுவது ஒரு பாகுபாடு. உள்ளதை உள்ளவாறு கூறுவது விஞ்ஞானம்; எது நியாயம் என்று கேட்பது வேறு துறை. 1932-இல் லயனல் ராபின்ஸ் இந்த வேலியை இறுக்கிக் கட்டினார். கிளாஸ்கோவில் ஒழுக்கவியற் பேராசிரியராக இருந்த ஆடம் ஸ்மித் வளர்த்த சாத்திரம், ஒழுக்கத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

இப்பாகுபாடு பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. ஆசையை உண்மையென்று மயங்காதிருக்க அது துணைசெய்யும். நமது கேள்வி வேறு. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர், கூலி நிர்ணயம் என்னும் பாடத்தை நியாயத்தைத் தொடாமற் கற்பித்தல் நேர்மையாகுமா?

தொடக்கப் பாடம் கூறுவது இது: உழைப்பை விற்போர் பலர், வாங்குவோரும் பலர், இரு சாராரும் சுதந்திரமாகச் சந்திக்கின்றனர், கேள்வியும் நிரம்பலும் கூடுமிடத்திற் கூலி அமைகிறது. உழைப்பு எவ்வளவு பெறுமோ அவ்வளவே கூலி.

தோட்டத்தின் வரலாறோ வேறு. தமிழகத்திலிருந்து மலையேறிய தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடனோடு வந்தார். குடியிருந்த லயன் தோட்டத்துக்குச் சொந்தம்; வேலை போனால் கூரையும் போகும். 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்கும் பறிபோயிற்று. உலகெங்கும் தொடக்க வகுப்புகளை ஆண்ட பால் சாமுவேல்சனின் பாடநூல் வெளிவந்ததும் அதே 1948-இலேதான். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அம்மக்களின் சம்மதத்தை யார் கேட்டார்? 2003-இன் சட்டத்தோடு பிரஜாவுரிமைச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் சுதந்திரமாகச் சந்தித்தோர் பேசி முடித்த விலையன்று, நாம் கண்ட கூலி.

இதைக் கூறப் பொருளியலைவிட்டு வெளியேற வேண்டியதில்லை. உழைப்பை வாங்குவோன் ஒருவனேயாக இருக்கும் சந்தையை 1933-இல் ஜோன் ராபின்சன் ஆராய்ந்தார். அத்தகைய சந்தையில், தொழிலாளி உற்பத்திக்குச் சேர்க்கும் பெறுமதியைவிடக் கூலி தாழ்ந்து நிற்கும். சட்டம் கூலியை ஓரளவு உயர்த்தினாலும் வேலை குறைய வேண்டியதில்லை. ஆகவே எந்த அனுமானத்தை முதலில் வைப்பது, எதைப் பிந்திய அத்தியாயத்துக்கு ஒதுக்குவது என்பதே ஓர் ஒழுக்கத் தேர்வு. நடுநிலை என்னும் பெயரால் அத்தேர்வை மறைத்தல் ஆகாது.

அப்படியாயின் வகுப்பறை மேடையாகிவிடாதா என்பர் சிலர். ஆகக் கூடாது. 2021-இல் சம்பளச் சபை நாட்கூலியை 1,000 ரூபாவாக்கியபோது கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கொழும்பு ஏலத்தின் விலை, உற்பத்திச் செலவு என்று அவை கூறும் வாதங்களும் மாணவர் முன் முழுமையாக வைக்கப்படல் வேண்டும். அத்தோடு, குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் விழும் 'அரைப்பேர்' எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதும் பாடமாதல் வேண்டும்.

இங்கு ஆசிரியக் கல்வியின் பொறுப்புப் பெரிது. 1945-இல் நாடு இலவசக் கல்வி கண்டபோது தோட்டப் பிள்ளைகளின் பெரும்பகுதி அதற்கு வெளியே நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்றது எழுபதுகளிலேதான். இன்றோ பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவற்றிலிருந்து லயன்களிற் பிறந்த பிள்ளைகளே ஆசிரியராய் வருகின்றனர். எவ்வாறு கற்பிப்பது என்பதோடு, கற்பிக்கும் பாடத்தின் அனுமானங்களை எவ்வாறு சோதிப்பது என்பதும் அவர்களின் பயிற்சியாதல் வேண்டும்.

ஏனெனில், பெறுமதியே கூலி என்று மனனம் செய்யும் மாணவி, மலைச்சரிவில் நாள் முழுதும் நிற்கும் தன் தாயின் உழைப்பு அவ்வளவுதான் பெறும் என்று முடிவு கட்டிவிடுவாள். பரீட்சையிற் புள்ளி கிடைக்கும். தாயைப் பற்றி ஒரு பொய்யும் நெஞ்சிற் பதியும். வரைபடத்தை வரைந்த ஆசிரியர் இரு வினாக்களையேனும் அதன்கீழ் எழுதட்டும்: இச்சந்தையில் வாங்குவோர் எத்தனை பேர்? விற்பவர் மறுத்துவிட்டு இன்றிரவு எங்கே உறங்குவார்?