மாற்றிய பலகையும் மாறாத பெயரும்

பழைய பொருளொன்றைப் பழுதுபார்க்கும்போது நாம் யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம்? அதனை ஆக்கிய கைகளுக்கா, இன்று அதனைக் கையாள்பவனுக்கா, அன்றி நாளை அதனை விலைகொடுத்து வாங்கப்போகிறவனுக்கா? இக்கேள்வியைக் கோயில், கோபுரம், ஓவியம் ஆகியவற்றை முன்வைத்து ஆராய்ந்தோர் பலர். நாம் இங்கு அதனைச் சற்றுத் தாழ்ந்த இடமொன்றிலிருந்து நோக்க விரும்புகிறோம். இங்கிலாந்திலே செய்யப்பட்ட பழைய ஸ்போட்ஸ் கார்களில், ஓட்டுபவனின் காலடிக்குக் கீழே கிடக்கும் மரப்பலகையே நம் பொருள்.

செல்வர்களின் விளையாட்டுப் பொருளில் நமக்கென்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். பலகையைக் கழற்றிப் பார்த்த பின் அக்கேள்விக்கு மீள்வோம்.

1945 முதல் 1949 வரை, அபிங்டன் என்னும் ஊரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலை ‘டி.சி.’ என்ற வகைக் கார்களைச் செய்தது. ஏறத்தாழ 10,000 வண்டிகள். அடியிலே உருக்குச் சட்டம்; அதன்மேல் ஆஷ் என்னும் மரத்தாற் கட்டிய கூடு; கூட்டின்மேல் மெல்லிய உருக்குத் தகடு; காலூன்றும் தளமோ ஒட்டுப்பலகை. கிரிக்கெட் ஆட்டத்தின் விக்கெட் கட்டைகளும், கோடரிப் பிடிகளும், குதிரை வண்டிச் சில்லின் வட்டைகளும் அந்நாட்டில் இந்த ஆஷ் மரத்தினாலேயே செய்யப்பட்டு வந்தன. வளைந்து கொடுக்கும், அதிர்ச்சியைத் தாங்கும், ஆனால் ஈரத்தில் விரைவில் உளுத்துவிடும் என்பது அதன் இயல்பு. மல்வேர்ணிலுள்ள மோர்கன் தொழிற்சாலை இன்றும் ஆஷ் மரத்தை விட்டுவிடவில்லை. தளத்துக்கு மரத்தைத் தேர்ந்தமைக்குக் காரணம் கலையுணர்வு அன்று, செலவுக் கணக்கு. உருக்குத் தகட்டைத் தளமாக அழுத்தியெடுக்கும் பெரும் அச்சுகளின் விலை, பெருந்தொகையான வண்டிகள் விற்றாலன்றித் தேறாது. மரத்துக்கோ ஒரு வாளும் ஒரு தச்சனும் போதும்.

அப்பலகை எவ்வாறு கெடுகிறது என்பதும் அறியத்தக்கது. துணிக்கூரையின் ஓரங்களால் இறங்கும் மழைநீர் கம்பளத்தில் ஊறி, வெயிலும் காற்றும் படாமல் நாட்கணக்கில் தங்குகிறது. பலகையின் நடுப்பகுதியன்று, வெட்டுவாயே முதலில் நீரை உறிஞ்சும். பசை விட்டு அடுக்குகள் பிரியும். இரும்புத் திருகாணிகள் துருப்பிடித்து, அத்துரு சுற்றியுள்ள மரநாரையும் தின்றுவிடும். கியர்ப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்த இடம் மட்டும் பெரும்பாலும் உறுதியாகவே இருக்கும். வண்டிக்காரன் ஆண்டுக்கணக்கில் நொந்துகொண்ட கசிவு மரத்துக்கு மருந்தாயிற்று!

இனி, ஓடாவியின் முன்னுள்ள வழிகள் இரண்டு. உளுத்த பகுதியை மட்டும் சாய்வாக வெட்டியெடுத்து, அதே தடிப்புள்ள புதுத்துண்டைப் பொருத்தி, எஞ்சிய பழம்பலகையைக் காப்பாற்றுவது ஒன்று. பழையதை அச்சாக வைத்து, கப்பற்கட்டுமானத்துக்குரிய உயர்ந்த ஒட்டுப்பலகையிலே முழுவதையும் புதிதாக வெட்டி, வெட்டுவாய்க்கு வார்னிஷ் ஊட்டி, பித்தளை அல்லது துருப்பிடியா உருக்குத் திருகாணிகளாற் பூட்டுவது மற்றொன்று. பின்னது ஓரிரு நாள் வேலை. முன்னது பலநாட் பொறுமை. முடிவிலும் அது புதுப்பலகையின் வலிமையைப் பெறும் என்ற உறுதி இல்லை.

தத்துவம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் தீசியஸ் என்னும் வீரனின் கப்பல் நினைவுக்கு வரும். ஏதென்ஸ் மக்கள் அக்கப்பலின் பலகைகள் உளுக்க உளுக்க மாற்றிக்கொண்டே வந்தனர் என்றும், அது பழைய கப்பல்தானா என்று தத்துவஞானிகள் வாதிட்டனர் என்றும் புளூட்டாக் எழுதினார். 1655 இல் வெளிவந்த நூலொன்றிலே தோமஸ் ஹொப்ஸ் அவ்வாதத்தை மேலும் கூர்மையாக்கினார்: கழித்த பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் மீண்டும் ஒரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? பழங்கார் வணிகத்திலே இது வெறும் கற்பனையன்று. ஒரு வண்டியின் சட்டம் ஒருவனிடமும், கழித்த கூடு வேறொருவனிடமும் போய்ச் சேர, இருவரும் ஒரே பெயருக்கு உரிமை கொண்டாடிய வழக்குகள் உண்டு.

அவ்வணிகத்தின் புகழ்பெற்ற வழக்கு 1990 இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. ‘பழைய முதலாம் எண்’ என்று பெயர்பெற்ற பென்ட்லி வண்டி 1929 ஆம், 1930 ஆம் ஆண்டுகளில் லெ மான் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறின. 1932 இல் புரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் அதனை ஓட்டிய கிளைவ் டன்பீ விபத்தில் உயிரிழந்தார். வண்டி மீண்டும் கட்டப்பட்டு வேறு உருவம் பெற்றது. அதனை ஒரு கோடி பவுணுக்கு வாங்க இசைந்த நிறுவனம், இது அந்த வண்டியே அல்ல என்று பின்வாங்கியது. நீதிபதி ஒட்டன் நுட்பமானதொரு வேறுபாடு கண்டார். லெ மானில் ஓடியபோதிருந்த உறுப்புகள் பெரும்பாலும் போய்விட்டமையால் அதனை ‘மூலவண்டி’ எனல் பொருந்தாது. ஆயினும் அது இடையறாது ஒரே வண்டியாக வாழ்ந்து வந்தமையால் ‘உண்மையான’ அவ்வண்டியே எனத் தீர்ப்பளித்தார். வாங்க இசைந்தவர் வாங்கவேண்டியதாயிற்று.

தீர்ப்பு அறிவுக்கு ஒத்ததே. மனிதவுடலும் அவ்வாறே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு ஒரே ஆளாக வாழ்கிறது. ஆனால் நம்மை உறுத்துவது வேறொன்று. இரு பந்தயங்களிலும் அவ்வண்டியை ஓட்டியோருள் ஒருவரான வூல்வ் பானாட்டோ, தென்னாபிரிக்கக் கிம்பர்லி வைரச் சுரங்கங்களிலே செல்வம் குவித்தவரின் மகன். பென்ட்லி நிறுவனத்தின் தலைமையும் அவரிடமே இருந்தது. வண்டியின் வரலாறு என்று நீதிமன்றத்தில் விரிந்தது ஓட்டியோர் வரலாறும் உடைமையாளர் வரலாறுமே. கூட்டைக் கட்டியவன், தளத்தை வெட்டியவன், சுரங்கத்தில் இறங்கியவன் ஆகியோரின் பெயரை எவரும் கேட்டிலர். வழக்குக்கு அவை வேண்டப்படவும் இல்லை. அடையாளம் என்ற தத்துவப் பிரச்சினை சந்தைக்கு வந்தவுடன் உடைமைப் பிரச்சினையாக உருமாறிவிடுகிறது.

சட்டமும் இதற்குத் துணை. மிகுதியும் மாற்றியமைத்த வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதை முடிவுசெய்யப் பிரித்தானியப் பதிவுத் திணைக்களம் நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கை வைத்திருந்தது. சட்டத்துக்கு 5 புள்ளி, தொங்கமைப்பு, அச்சுத்தண்டுகள், கியர்த் தொகுதி, திசைதிருப்பி ஆகியவற்றுக்கு இவ்விரண்டு, இயந்திரத்துக்கு 1. எட்டுப் புள்ளி தேறினால் எண் நிலைக்கும். இத்தகைய வண்டியின் மரக்கூட்டுக்கும் தளப்பலகைக்கும் கிடைப்பது சுழி. ஆனால் ஏலக்கூடத்திலோ ‘மூலத்தளம் மாறாதது’ என்ற ஒரு வரி விலையை உயர்த்தும்! சட்டம் சுழி போட்ட பலகைக்குச் சந்தை பவுண் போடுகிறது. பொய்க்கு வழி திறப்பது இவ்விடத்திலேதான்.

பொய் என்று நாம் கூறுவது எதனை? ஜோன் றஸ்கின் 1849 இல் வெளியிட்ட நூலிலே, பழங்கட்டடங்களைப் புதுப்பித்தல் என்பதையே பெரும்பொய் என்று சாடினார். அவர் வழியில் வந்த வில்லியம் மொறிஸ், நாமறிந்த சமவுடைமைக் கவிஞர், 1877 இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவி, ‘பேணுங்கள், புதுப்பிக்காதீர்கள்’ என்ற கொள்கையைப் பரப்பினார். நம் ஆனந்த குமாரசுவாமி அவரைப் போற்றியவர். மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே தமது ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலை 1908 இல் அச்சிட்டார். வரலாற்றின் வேடிக்கை யாதெனில், எம்.ஜி. என்ற எழுத்துகள் குறிப்பது ‘மொறிஸ் கராஜஸ்’ என்பதை. அதன் உரிமையாளரான முதலாளியின் பெயரும் வில்லியம் மொறிஸ்தான். பெயரைத் தவிர இருவருக்கும் பொதுவானது யாதுமில்லை.

சமவுடைமை மொறிஸின் கொள்கையை முதலாளி மொறிஸின் வண்டிக்கு அப்படியே பொருத்தலாமா? முடியாதென்பதே நம் கருத்து. கட்டடம் நிற்கும் பொருள். கார் ஓடும் பொருள். இருக்கை பூட்டப்பட்டிருப்பது அத்தளத்திலே. தடையை மிதிக்கும் கால் ஊன்றி நிற்பதும் அத்தளத்திலே. உளுத்த பலகையை வரலாற்றின் பெயரால் விட்டுவைப்பவன் ஓட்டுபவனின் உயிரையும், தெருவிலே நடந்து செல்லும் யாரோ ஒருவரின் உயிரையும் பணயம் வைக்கிறான். மேலும், அப்பலகையைச் செய்தவர்கள் அதனை நிலைபேறுடையதாகக் கருதவேயில்லை. கியர்ப் பெட்டியைப் பார்க்க நேர்ந்தால் எடுத்து வைக்கலாம் என்றே அதனைப் பசையால் ஒட்டாது திருகாணியாற் பூட்டினார்கள். அபிங்டனில் விசையால் நகரும் பெருந்தொடர் இருந்ததில்லை. வண்டிகளைத் தொழிலாளர் கையாலேயே அடுத்த நிலைக்குத் தள்ளிச் சென்றனர். போருக்குப் பின் ஏற்றுமதி செய்வோர்க்கே உருக்கு என்ற நெருக்கடியிலே, எண்ணிக்கையை முடிக்க உழைத்தவர்கள் அவர்கள். பலகை கெடும், வேறொருவன் மாற்றுவான் என்பது அவர்களுடைய கணக்கு. அக்கணக்கை மதித்து மாற்றுவதில் அவர்களுக்கு இழுக்கு ஏதுமில்லை.

ஆகவே குற்றம் மாற்றுவதில் இல்லை. புதுப்பலகைக்குச் சாயமேற்றி, விளிம்பைத் தேய்த்து, துருப்பிடித்த பழந்திருகாணிகளைத் தேடிப் பூட்டி, ‘இது அன்றைய தளம்’ என்று விற்பதிலே குற்றம் இருக்கிறது. இரண்டு கொடுமைகள் அதில் ஒருங்கே நிகழ்கின்றன. வாங்குபவன் ஏமாற்றப்படுகிறான், அது பெரிதன்று, ஒரு கோடி கொடுப்பவனுக்காக நாம் கண்ணீர் வடிக்கப்போவதில்லை. இன்றைய தச்சனின் உழைப்பு, அது நிகழவேயில்லை என்று மறைக்கப்படுவதுதான் பெரிது. அவன் எவ்வளவு திறமையாகச் செய்கிறானோ அவ்வளவுக்கு அவன் இல்லாதவனாகிறான். அன்று அபிங்டனில் பெயரற்றிருந்தவனைப் பேணுவதாகச் சொல்லி, இன்று மேலும் ஒருவனைப் பெயரற்றவனாக்குகிறோம். செல்வரின் விளையாட்டுப் பொருளில் நமக்குள்ள அக்கறை இதுவே.

இங்கே கடினமான கேள்வி எழுகிறது. கூலிக்கு வேலை செய்பவனிடம் உடைமையாளன், ‘பழையதுபோற் காட்டு’ என்று பணித்தால் அவன் என்ன செய்வான்? நேர்மையைக் கைக்கொள் என்று மேடையிலிருந்து உபதேசிப்பது எளிது. மறுத்தால் அடுத்த பட்டறைக்காரன் செய்வான்; அவனுடைய பிள்ளைகளின் சோறுதான் போகும். அதற்காக அவன் முற்றிலும் குற்றமற்றவன் என்றும் நாம் கூறமாட்டோம். கருவி தன் கையில் இருக்கும்வரை, அக்கை செய்வதில் ஒரு பங்கு அவனுக்கும் உண்டு. ஆனால் பாரம் சமமன்று. கட்டளையிட்டவன் இலாபத்துக்காகப் பொய் சொல்கிறான். பணிந்தவன் பிழைப்புக்காக வாய் மூடுகிறான். இரண்டையும் ஒரே தராசிலிடும் ஒழுக்கவியல் உடைமையாளர்களால் எழுதப்பட்டதாகவே இருக்கவேண்டும்.

எனவே தனிமனிதனின் துணிவைவிடத் தொழிலின் பொதுவிதியையே நாம் பெரிதும் நம்புகிறோம். 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் பட்டயம், நினைவுச்சின்னங்களிற் சேர்க்கும் புதுப்பகுதி முழுமையோடு இசைந்திருத்தல் வேண்டும், அதே வேளை மூலத்திலிருந்து வேறுபடுத்தி அறியக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. பழைய ஊர்திகளின் சர்வதேசச் சம்மேளனம் 2012 இல் ஏற்றுக்கொண்ட தூரின் பட்டயம் அதனைப் பின்பற்றி, மாற்றிய உறுப்புகளுக்கு நிலையான அடையாளமிடும்படியும், செய்த வேலையைப் பதிந்துவைக்கும்படியும் கேட்கிறது. இதற்குச் சட்டவலிமை இல்லை. மீறுபவனைத் தண்டிப்பார் இல்லை. ஆயினும் ‘இது எங்கள் தொழிலின் முறை, ஐயா’ என்று சொல்ல ஓடாவிக்கு ஒரு வாக்கியம் கிடைக்கிறது. தனியனாக நின்று ‘என் மனச்சாட்சி இடங்கொடாது’ என்பதைவிட அதனைச் சொல்வது எளிது. அடையாளமிடுவதும் பெருவேலை அன்று. பலகையின் அடிப்பக்கத்திலே ஆண்டையும் தன் பெயரையும் தீக்கோலால் எழுதினாற் போதும். மேலே கறுப்பு மை, அதன்மேற் கம்பளம். காட்சிக்கு ஒரு குறையும் வராது. பழம்பலகையின் எஞ்சிய துண்டுகளையும் எறியாமல் வண்டியோடு சேர்த்து உரியவனிடம் ஒப்படைக்கலாம். அடுத்த முறை அளவெடுப்பவனுக்கு அவை உதவும்.

அடுத்த முறைக்கு மரம் இருக்குமா என்பது வேறு பிரச்சினை. கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் பரவிய பூஞ்சணம் ஒன்று ஆஷ் மரங்களை நுனியிலிருந்து வாட்டிக் கொல்கிறது. பிரித்தானியாவில் அது 2012 இல் கண்டறியப்பட்டது. நாற்றுமேடைகளிலிருந்து இறக்குமதியான கன்றுகளோடும், காற்றிற் பறந்த வித்திகளோடும் வந்து சேர்ந்தது. தளப்பலகைக்கு ஒட்டுப்பலகை எப்படியும் கிடைக்கும். அதனைத் தாங்கும் சட்டங்களுக்கு வேறு மரம் தேடவேண்டிய நாள் வரக்கூடும். அன்று அச்சட்டங்களை வெட்டுபவன், அவை எந்த மரம் என்பதையும் தன் பெயரோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டியிருக்கும்.